ஆயில் சொட்டாத புல்லட்: இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பழைய வண்டி ஓட்டிய அனுபவம்

பழைய வண்டியை ரேஸ் டிராக்கில் இறக்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன ஸ்பீடு போகும்?" என்றுதான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு, அதாவது வார்ப்பிரும்பு சிலிண்டர் போட்ட பழைய என்ஃபீல்டுக்கு, முதல் கேள்வி, ஆயில் கீழே சொட்டுமா சொட்டாதா என்பது. ரோட்டில் இரண்டு சொட்டு விழுந்தால் வீட்டு வாசலில் ஒரு கறை, அவ்வளவுதான். டிராக்கில் அதே இரண்டு சொட்டு பின்னால் வருகிறவனின் காலர் எலும்பை உடைக்கும். இந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடந்த ஒரு ரேஸ் மீட்டிங்கில், நடுவே பழைய வண்டிகளுக்கென்று ஒதுக்கிய சில லேப்களில் எங்கள் வண்டியை ஓட்டினேன். அதற்குத் தயார் செய்த கதையில் பாதிக்கு மேல் ஆயில் கதைதான், அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

வண்டி சித்தப்பாவுடையது. 350 புல்லட், எழுபதுகளில் வந்தது, பிறந்த இடம் வடசென்னையில் எங்கள் திருவொற்றியூரின் என்ஃபீல்டு ஃபாக்டரி. 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த டிசைனை அதிகம் மாற்றாமல் பல பத்தாண்டுகள் இங்கேயே செய்தார்கள். தேரடிப் பக்கம் போனால் "நான் அந்த லைன்லதான் இருந்தேன்" என்று சொல்லும் பெரியவர் ஒருவராவது இன்னும் கிடைப்பார். அதனால் எங்கள் ஏரியாவில் புல்லட் என்றால் வெளியூர்ச் சாமான் இல்லை, சொந்தக்காரப் பையன் மாதிரி.

எஞ்சின் 346 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லி. இந்த 90ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 5,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர் வருகிறது. பிஸ்டனைத் தாங்கும் அந்தக் காலத்துக் கனெக்டிங் ராடு, அதன் அடியில் பேரிங்குக்குப் பதில் ஃப்ளோட்டிங் புஷ், இதையெல்லாம் வைத்துக்கொண்டு அதற்கு மேலே முறுக்குவது வண்டிக்குச் செய்கிற துரோகம். 18 குதிரை சக்தி போதும் என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டோம். ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், பெரிய வால்வு என்று நிறைய பேர் ஆசை காட்டினார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

வேலை நடந்தது கொருக்குப்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. அதன் மெக்கானிக் பாய் புல்லட்டைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அவர் முதலில் கேட்டது, "வண்டி எத்தனை நாளா நிக்குது?" நின்ற வண்டியில், ஆயில் அறையில் இருக்கும் ஆயில் பம்ப் வழியாக மெதுவாக இறங்கி, எஞ்சின் அடியில் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் பக்கம் தேங்கிவிடும். அப்படியே கிக்கரை உதைத்து ஸ்டார்ட் பண்ணி முறுக்கினால் அது போக வழியில்லாமல் பிரீதர் (எஞ்சின் மூச்சுவிடும் குழாய்), சீல், ஜாயின்ட் என்று கிடைத்த இடத்திலெல்லாம் வெளியே வரும். பலர் உடனே கேஸ்கெட் போச்சு என்று எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள். பாய் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, தேங்கினதை ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் வடித்து, அளந்து, திரும்ப மேலே ஊற்றினார். டிராக்குக்குப் போகிற அன்றும் இதைச் செய்யச் சொன்னார், செய்தேன்.

அடுத்தது பிரீதர். ஒற்றை சிலிண்டர், பிஸ்டன் கீழே வரும்போது அடியில் இருக்கும் காற்றை அழுத்துகிறது. அது வெளியே போய்விட வேண்டும், பிஸ்டன் மேலே ஏறும்போது திரும்ப உள்ளே வரக்கூடாது. அதற்குத்தான் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு. நாற்பது வருஷத்தில் அது கல்லாகிவிட்டிருந்தது. வெயிலில் காய்ந்த ரப்பர் திறக்காது, திறந்தால் மூடாது. புதுப்பேட்டையில் தேடி, ஒரு பக்கம் மட்டும் காற்று விடும் நல்ல வால்வு ஒன்று வாங்கி, தடித்த ஹோஸ் போட்டு, சீட்டுக்குக் கீழே ஒரு அலுமினிய டப்பாவுக்குக் கொண்டுபோனோம். டப்பாவுக்குள் பஞ்சு மாதிரி ஸ்டீல் நார். காற்று போய்விடும், ஆயில் டப்பாவில் தங்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே முக்கால்வாசி கசிவு நின்றது. கேஸ்கெட்டுக்கு மேல் கேஸ்கெட், பேஸ்ட்டுக்கு மேல் பேஸ்ட் என்று அப்புகிறவர்கள் தயவுசெய்து முதலில் பிரீதரைப் பாருங்கள். உள்ளே அழுத்தம் இருக்கிற வரை எந்தப் பேஸ்ட்டும் நிற்காது, பிதுங்கின பேஸ்ட் ஆயில் ஓட்டையை அடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் செப்பு வாஷரைப் பாய் புதிதாக வாங்கவில்லை. பழையதையே கம்பியில் கோத்து, அடுப்பில் சிவக்கிற வரை காட்டி, தண்ணீரில் போட்டார். சொய்ங் என்றது. எடுத்து விரலில் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருந்தது. இறுக்கி இறுக்கிக் கெட்டியான செம்பு இப்படிச் சூடு காட்டினால் மறுபடி இளகி, இடுக்கில் நன்றாக உட்காரும்.

டேப்பட், அதாவது வால்வுக்கான இடைவெளி, காலையில்தான், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதுதான் வைக்க வேண்டும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடத்துக்கு எஞ்சினைக் கொண்டுவந்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து, புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அதுதான் அளவு, கேஜ் எல்லாம் கிடையாது. பாய் கண்ணை மூடிக்கொண்டு உருட்டுவார். இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடும் இடம், ஃபுல் ரிட்டார்டில் (மிகத் தாமதமான நிலையில்) 0.8 மில்லி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்னால். தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட் நடுவில் சிகரெட் தாளைச் செருகி, தாள் இழுபடும் அந்த நொடியில் நிறுத்துவார். பல்பு வைத்தும் பார்க்கலாம், இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

பிரேக்குக்குத்தான் காசு அதிகம் போனது. முன்னால் 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம் மாட்டினோம். ஸ்போக் இறுக்கும்போதே டிரம் லேசாக முட்டை வடிவமாகிவிடும் என்பதால், ரிம் கோட்டம் எடுத்த பிறகுதான் டிரம்மை லேத்தில் கொடுக்க வேண்டும். அப்புறம் புது லைனிங்கைப் பிளேட்டோடு சேர்த்தே லேத்தில் பிடித்து, டிரம் அளவுக்குக் கடைய வேண்டும். லேத்காரர் கொஞ்சம் முனகினார், ஆனால் அழகாகச் செய்துகொடுத்தார்.

கடைசியில் லாக் வயர், போல்ட் கழன்றுவிடாமல் கட்டும் கம்பி. ஆயில் வடிக்கும் போல்ட், ஆயில் மூடி, ஃபில்டர் மூடி, செயின் கேஸை ஒற்றையாகப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நடு நட், எல்லாவற்றிலும் மெல்லிய ஓட்டை போட்டு, இறுகும் திசையில் இழுத்து முறுக்கிக் கட்டினோம். ஓட்டை போடும்போது டிரில் பிட் உடைந்துகொண்டே இருந்தது. பொறுமை வேண்டும். கண்ணாடி, சைடு ஸ்டாண்ட், சென்டர் ஸ்டாண்ட் எல்லாம் கழற்றியாயிற்று. ஹெட்லைட் கண்ணாடிக்கு மேல் டேப்.

விடியற்காலையில் குட்டியானையில் ஏற்றி, மணலி, மாதவரம் வழியாகப் பூந்தமல்லி தாண்டிப் போனோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணலி ரோட்டுப் பள்ளங்களில் குலுங்கினதற்கு டிராக்கே தேவலை. ஓட்டத்துக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் வந்தவர் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பார்த்தார், டப்பென்று திரும்பியது. பிரேக், செயின், கில் சுவிட்ச். அப்புறம் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து எஞ்சின் அடியில் துடைத்துப் பார்த்தார். துணியைத் திருப்பிக் காட்டினார், சுத்தம். பாய் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே!

டிராக் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. இந்தப் புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. முதல் லேப் முழுக்கக் காலுக்கு ஞாபகப்படுத்துவதிலேயே போனது. அடுத்த லேப்பில் வண்டி தன் தாளத்துக்கு வந்துவிட்டது. வேகமாகப் போகிற வண்டி இல்லை, ஆனால் வளைவுக்குள் ஒரே சீராக ஓட்டினால் வேகத்தைக் கடைசி வரை விடாமல் வைத்துக்கொள்கிறது. நேர் ரோட்டில் பக்கத்தில் ஒரு யெஸ்டி வந்து, இருவரும் டேங்கில் படுத்தபடி கொஞ்ச தூரம் போனது வாழ்நாளுக்கும் போதும்.

அப்போதுதான் வளைவில் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி. ரோடு வழுக்கும் என்று அர்த்தம். முன்னால் போன ஒரு வண்டியின் ஆயில் மூடி கழன்றிருக்கிறது. நான் ஆக்சிலேட்டரை விட்டு, வண்டியைச் சாய்க்காமல், வெளி ஓரமாகப் போய்விட்டேன். பின்னால் வந்த ஒரு பையன் விழுந்தான். கை தேய்ந்தது, கடவுள் புண்ணியத்தில் அவ்வளவுதான். ஓட்டத்தை நிறுத்தி, சிமென்ட் தூள் கொட்டிப் பெருக்கி, அதற்குப் பிறகு நடக்க வேண்டிய எல்லா ரேஸும் தள்ளிப்போயின. பல மாசம் உழைத்து வந்த பசங்கள் வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கம்பி கட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

*

அண்ணே, நான் வியாசர்பாடி. ராஜ்தூத் ஆர்டி 350 வைத்திருக்கிறேன், டூ ஸ்ட்ரோக் வண்டி. உங்கள் பிஸ்டன் வேகக் கணக்கைப் பார்த்ததும் என் வண்டிக்கும் போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரோக் 54 மில்லிதான், 6,750 சுற்றிலும் நொடிக்கு 12 மீட்டர் சொச்சம். அதனால் எங்களுக்குப் பயம் ராடு இல்லை, சீஸ் ஆவதுதான், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிப்பது. நேர் ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் வந்து வளைவுக்கு மூடினோம் என்றால், ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் கலந்து ஓட்டுகிறவர்களுக்குப் பெட்ரோல் நின்றதும் ஆயிலும் நிற்கும், சுற்று மட்டும் குறையாது. பிஸ்டன் பிடிப்பது அங்கேதான். அதனால் நான் ஒரிஜினல் பம்ப்பை எடுக்கவே இல்லை, இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேதான் இருக்கும்.

இன்னொன்று, கிராங்க் சீல். போன மீட்டிங்குக்கு முன்னால் இடது பக்கப் பிளக் மட்டும் வெளுத்துக்கொண்டே இருந்தது, பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அடையாளம். கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டைப் பெரிசாக்கச் சொன்னார்கள். எங்கள் அண்ணன் ஒத்துக்கொள்ளாமல், போர்ட்டுகளை ரப்பர் வைத்து அடைத்து, சைக்கிள் பம்ப்பால் லேசாகக் காற்று அடித்து, சோப்பு நுரை தடவினார். பாயின்ட் பக்கத்துச் சீலில் குமிழி வந்தது. அங்கே காற்று உள்ளே இழுத்தால் எந்த ஜெட் போட்டும் பயனில்லை.

ஒரு கேள்வி அண்ணே, புல்லட்டுக்கு என்ன ஆயில் ஊற்றினீங்க? ரேஸுக்கென்று தனியா ஏதாவது?

*

தம்பிகளா, நான் ராயபுரம். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990இல்தான் வந்தது. அதற்கு முன்னால் எங்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா ரோட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். வடசென்னைக்காரனுக்குப் பக்கம், பஸ் ஏறினால் போய்விடலாம். ரன்வே ஆச்சே, நேர் தூரம் நீளம். எஞ்சின் முழு முறுக்கில் ரொம்ப நேரம் நிற்கும், முடிவில் ஒரேயடியாக பிரேக். பிரீதர் சரியில்லாத புல்லட் வந்தால் ஓட்டுகிறவனின் வலது பூட்ஸ் ஆயிலில் ஊறியிருக்கும். நிறைய பேர் வண்டியை ஓட்டிக்கொண்டே வந்து, லைட்டைக் கழற்றி, ரேஸ் ஓட்டி, திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆயில் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அப்போது ஆமணக்கெண்ணெயில் செய்த ரேஸ் ஆயில் உண்டு, அந்த வாசனை வந்தாலே பெரிய வண்டி வருகிறது என்று தெரியும். யாராவது ஆசைக்கு வாங்கினால் சாதாரண மினரல் ஆயிலோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேராது. ஆமணக்கு ஆயில் ஊற்றி ஓட்டிய எஞ்சினை அப்படியே மாசக்கணக்கில் நிறுத்தவும் கூடாது, உள்ளே பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

*

பெரியவருக்கு நன்றி ஐயா, சோழவரம் பற்றி இன்னும் எழுதுங்கள், எங்கள் சித்தப்பாவும் அங்கே பார்வையாளராக இருந்திருக்கிறார்.

வியாசர்பாடித் தம்பி, தனியாக ஒன்றும் இல்லை. சாதாரண 20டபிள்யூ50 மினரல் ஆயில்தான். பழைய புல்லட்டில் வடிகட்டி துணி மாதிரி ஃபெல்ட்தான், அதனால் ஆயிலை அடிக்கடி மாற்றுவது விலை உயர்ந்த ஆயில் ஊற்றுவதைவிட நல்லது. மீட்டிங்குக்கு முந்தின நாள் புது ஆயில், புது ஃபெல்ட். ஓட்டிவிட்டு வந்ததும் சூடாக இருக்கும்போதே வடித்து, காந்தத்தை விட்டுப் பார்த்தோம், இரும்புத் தூள் இல்லை. சீட்டுக்கு அடியில் இருந்த டப்பாவில் இரண்டு ஸ்பூன் ஆயில், பாதி தண்ணீர் கலந்து மோர் நிறத்தில் இருந்தது. அது ஈரக்காற்றால் வருவது, பயப்பட வேண்டியதில்லை என்றார் பாய். அடுத்த மீட்டிங்குக்கு வருவதாக இருந்தால் சொல், குட்டியானையில் இரண்டு வண்டி நிற்கும், வாடகையைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம்.