38% பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தும் சிக்குன்குனியா ஏன் திரும்பியது?

கிழக்குக்கரை கேட்டது:
2005-06இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் சுமார் 2,66,000 பேருக்குச் சிக்குன்குனியா வந்தது. பிறகு எடுத்த ரத்த ஆய்வில் 38% பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. அப்படியிருந்தும் 2025இல் 50,000 பேருக்கு மேல் உறுதியானது எப்படி? ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்கிறார்களே?

கணக்குப்பிள்ளை:
வராது என்பது ஏறக்குறைய சரிதான். ஆனால் அது ஆளுக்கு, ஊருக்கு அல்ல. கணக்குக்காக, கோடையில் ஒரு நோயாளியிடமிருந்து 3 பேருக்குப் பரவுகிறது என்று வையுங்கள். 38% பேர் தடுத்துவிட்டால் 3 × 0.62 = 1.86. ஒன்றுக்கு மேல் நிற்பதால் பரவல் ஏறும். பரவல் நிற்க வேண்டுமானால் அது ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டும், அதற்கு 67% பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். குளிர்காலத்தில் அந்த 3 என்பது 1.5 ஆகிவிட்டால் 0.93, தானாக அடங்கும். கொசு கூடக்கூட இந்த 67 ஏறும். 'இத்தனை சதவீதம் போதும்' என்று ஒரே எண்ணைச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அந்த 38 அப்படியே இருக்கவும் இல்லை. 2006க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைகள் முழுத் தலைமுறை, அவர்களிடம் எதுவும் கிடையாது. போதாததற்கு அது சராசரி. அன்று தப்பிய தெருவில் இன்று வைரஸுக்குத் தடையே இல்லை.

தாம்பான்97:
19 வருட இடைவெளிக்கு இன்னொரு காரணம் உண்டு. ஆப்பிரிக்கக் காடுகளில் குரங்குகளிடம் வைரஸ் தங்கும். தீவில் அந்த வசதி இல்லை, வெளியிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். 2010இல் சிறிதாகத் தலைகாட்டி அடங்கியது.

டெங்குவை இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு குடும்பம், நான்கு வகை. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பாற்றல் மற்றதை நெடுநாள் தடுக்காது. இரண்டாவது தடவை வேறு வகை வந்தால் நோய் கடுமையாகவும் கூடும்.

கிழக்குக்கரை:
அப்போ 2006இல் காய்ச்சல் வந்தவர் பரிசோதனை எடுக்கணுமா?

மருந்துப்பெட்டி:
அன்று ஆய்வகத்தில் உறுதியானவருக்குத் தேவையில்லை. அறிகுறியை வைத்து மட்டும் சொல்லியிருந்தால் ஐஜிஜி (பழைய தொற்று விட்டுச்சென்ற எதிர்ப்பொருள்) பரிசோதனை தெளிவாக்கும். ஐஜிஎம் வேறு: அது அண்மைத் தொற்றைக் காட்டும், முதல் சில நாள் எதிர்மறையாகவே வரும். அந்த நாட்களில் வைரஸையே தேடும் பிசிஆர்தான்.

கர்ப்பிணிக்கு இது முக்கியம். பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றும், சிசேரியன் தடுக்காது. ஐஜிஜி இல்லாத தாய் கடைசி மாதத்தில் பகலிலும் வலைக்குள் தூங்குவது நல்லது, இங்கே இதைப் பரப்பும் புலிக்கொசு பகலில்தான் கடிக்கும்.

தாம்பான்97:
கொசுவைத் தடுக்கப் பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் தட்டில் ஈரமணல் நிரப்பிவிடுங்கள். கோடையில் முட்டை கொசுவாக 8-10 நாள் போதும்.