ஸ்டெஃபியோட 22-ல மோனிகா பங்கு எத்தனை?

வேலந்தாவளம்_வாத்தியார்:
நேத்து சாயங்காலம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாப்புல ஒரு பொண்ணு டென்னிஸ் பேட்டோட நின்னுட்டிருந்துச்சு. ஒம்பதாவதோ பத்தாவதோ இருக்கும். "ஸ்டெஃபி கிராஃப் தெரியுமா கண்ணு?"ன்னு கேட்டனுங்க. "டென்னிஸ் ஆடுன அகாசியோட வீட்டுக்காரம்மா தானுங்க சார்?"ங்குது. முப்பது வருசம் பி.டி. வாத்தியாரா இருந்தவனுக்கு இதை விட வேற என்ன வேணும்? 1988-ல ஆஸ்திரேலியா, பாரிஸ், விம்பிள்டன், அமெரிக்கான்னு கிராண்ட் ஸ்லாம்ங்கிற நாலு பெரிய போட்டியும் ஜெயிச்சு, அதே வருசம் சியோல்ல ஒலிம்பிக் தங்கமும் வாங்குன பொம்பளைங்க அது. சக்கர நாற்காலி ஆட்டத்தை விட்டுட்டா, ஒற்றையர்ல ஒரே வருசத்துல அதைச் செஞ்ச ஆள் இன்னிக்கு வரைக்கும் வேற கிடையாது. மொத்தம் 22 ஸ்லாம், 377 வாரம் முதலிடம். அவங்களுக்கு மேல ஒருத்தரைச் சொல்லுங்க பாக்கலாம்.

புளியரை_சாரல்:
அண்ணாச்சி, கோவப்படாம கேளுங்க. 22-ஐ அப்படியே முழுசாத் தூக்கி வைக்காதீங்க. 1993 ஏப்ரல் 30-ன்னு ஒரு நாள் இருக்கு. ஜெர்மனியில ஹாம்பர்க்ல, அப்போ முதலிடத்துல இருந்த மோனிகா செலஸ் மாலீவா கூட ஆடிட்டு இருக்கா, 6-4, 4-3 முன்னால இருக்கா. பக்கம் மாறுத இடைவேளையில நாற்காலியில உக்காந்திருக்கும்போது பின்னாடி இருந்து ஒருத்தன் முதுகுல கத்தியைச் சொருகுதான். அவன் ஸ்டெஃபி ரசிகன். ஸ்டெஃபி திரும்பவும் முதலிடத்துக்கு வரணும்னுதான் செஞ்சானாம். வந்துட்டாங்கல்லா!

எனக்கு அந்தச் செய்தி வந்ததே ஒரு கூத்து. அப்போ ஆரியங்காவுல ஒரு கடையில வேலை. அங்க மலையாளப் பேப்பர்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். தலைப்புல "குத்தேற்று"ன்னு போட்டிருந்தது. சரி, மோனிகா எங்கேயோ குத்துவிளக்கு ஏத்தி வச்சிருக்கா போலன்னு நினைச்சேன். அப்புறம் படத்தைப் பாத்தேன். கையைப் பின்னால வளைச்சு முதுகைத் தொட்டுப் பாக்குதா. கடைக்காரர்தான் சொன்னார், குத்துப்பட்டதுன்னு.

இப்போ கணக்கைப் பாருங்க. 1991 ஜனவரியில இருந்து 1993 ஜனவரி வரை நடந்தது ஒம்போது ஸ்லாம். மோனிகாவுக்கு ஏழு, ஸ்டெஃபிக்கு ரெண்டு. அந்த ரெண்டும் விம்பிள்டன், அதுல ஒரு வருஷம் மோனிகா ஆடவே வரல. குத்துப்பட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல அவ வீட்ல கிடந்தப்போ ஸ்டெஃபி அள்ளுனது ஆறு. 22-ல ஆறைக் கழிச்சா என்ன வரும், நீங்களே சொல்லுங்க.

நகரி_நெசவு:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பக்கம் டென்னிஸ்னா சானியா மிர்ஸாதான். இரட்டையர்ல ஆறு ஸ்லாம். அதையும் யாராச்சும் பேசுங்கப்பா.

வேலந்தாவளம்_வாத்தியார்:
பேசலாமுங்க, அதுக்குத் தனித் திரி போடுங்க.

புளியரைத் தம்பி, எதுக்குக் கழிக்கோணும்? ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்துல பக்கத்து ஊர்க்காரன் மாட்டுக்குக் கால் ஒடிஞ்சு வரலைன்னா, ஜெயிச்சவன் பரிசைத் திருப்பித் தரோணுமா? மோனிகா இல்லைன்னா எல்லாம் தன்னால மடியில வந்து விழுந்துருச்சா? 1994-ஐப் பாருங்க. ஆஸ்திரேலியா ஒண்ணுதான். விம்பிள்டன்ல முதல் சுத்துலயே லோரி மெக்நீல்கிட்டத் தோத்தாங்க. 1993 விம்பிள்டன் பைனல்ல நோவோட்னா கடைசி செட்டுல 4-1 முன்னால. அங்கிருந்து திரும்பி வந்து ஜெயிச்சது யாரோட கையி?

ஏலக்காய்_கம்பம்மெட்டு:
சார், நான் உடுமலையில வாக்கப்பட்டவ, ரேக்ளா பாத்திருக்கேன். 200 மீட்டர், 300 மீட்டர்னு கடிகாரத்த வச்சு ஓடுறது அது. பக்கத்து வண்டி வந்தாலும் வராட்டியும் நம்ம நேரம் நம்ம நேரம்தான். டென்னிஸ் அப்பிடியா? எதுக்க நிக்கிறவ யாருங்கிறதுதான் ஆட்டமே.

வேலந்தாவளம்_வாத்தியார்:
சரிங்க அம்மணி, அந்த உதாரணம் வாபஸ்.

ஏலக்காய்_கம்பம்மெட்டு:
புளியரை அண்ணே, ஒங்க கழித்தலும் எனக்குச் செமிக்கல. கத்தி எடுத்தவன் ஒருத்தன், கழிக்கிறது ஸ்டெஃபி கணக்குலயா? அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயி மோனிகாவப் பாத்துட்டு வந்தாங்க. எனக்கு ஆத்தாமையெல்லாம் அந்தக் கோர்ட்டு மேலதான். குத்துனவனுக்கு ரெண்டு வருசம், அதுவும் நிறுத்தி வச்ச தண்டனை. ஒழுங்கா உள்ள கூடப் போடல. அந்தப் பிள்ள அதுக்கப்புறம் ஜெர்மனியில ஆடப் போகவே இல்ல. பத்தொம்பது வயசுண்ணே! எங்க தோட்டத்துக்கு ஜீப்புல வர்ற பிள்ளைக வயசு.

புளியரை_சாரல்:
தங்கச்சி, நான் ஸ்டெஃபியைக் குத்தம் சொல்லல. 22-ங்கிற நம்பரை வச்சு "அவங்களுக்கு மேல யாரு"ன்னு கேக்குறதைத்தான் சொல்லுதேன். மோனிகா கணக்கு எட்டுல நின்னுச்சு, திரும்பி வந்தப்புறம் ஒண்ணே ஒண்ணு, 1996 ஆஸ்திரேலியா. அவங்க அப்பாவுக்குப் புத்துநோய். 1998-ல அவர் இறந்து மாசம் திரும்பல, கறுப்பு உடுப்புல பாரிஸ்ல பைனல் வரைக்கும் வந்தா. அந்த மோனிகாவைத்தான் ஸ்டெஃபி பின்னாடி ஜெயிச்சது. பழைய மோனிகாவை இல்ல.

வேலந்தாவளம்_வாத்தியார்:
ஸ்டெஃபிக்கு மட்டும் அப்பன் பிரச்சினை இல்லீங்களா? 1995 ஆகஸ்டுல அவங்கப்பாவை வரி ஏய்ப்புல உள்ள வெச்சாங்க. அடுத்த மாசம் அமெரிக்கன் ஓப்பன் பைனல், எதுக்க மோனிகா, 7-6, 0-6, 6-3. ரெண்டாவது செட்டு சைபருங்க, சைபர்! அதுக்கப்புறம் எந்திரிச்சு வந்து ஜெயிச்சாங்க. கடைசியா 1999 பாரிஸ். டேவன்போர்ட், மோனிகா, ஹிங்கிஸ்னு மூணு பேரையும் வரிசையா. அப்போ அவங்களுக்கு முப்பது ஆகப் போகுது, முட்டியும் முதுகும் போயிருச்சு. அதையும் கழிப்பீங்களா?

புளியரை_சாரல்:
அதைக் கழிக்க மாட்டேன். ஆனா 95 பைனலை நீங்களே எடுத்துட்டீங்க. முதல் செட் 6-6 ஆகி, அதை முடிக்க ஆடுத டைபிரேக். மோனிகாவுக்கு 6-5, இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தா செட் அவளுக்கு. சர்வ் போட்டா, ஸ்டெஃபி தொடவே முடியாத ஏஸ்னு நினைச்சு நாற்காலியைப் பாத்து நடக்கவே ஆரம்பிச்சுட்டா. வெளியேன்னு சொல்லிட்டாங்க. அது கோட்டுல பட்ட பந்து அண்ணாச்சி.

வேலந்தாவளம்_வாத்தியார்:
வெளியதானுங்க.

புளியரை_சாரல்:
கோடு.

ஏலக்காய்_கம்பம்மெட்டு:
நான் அடுப்பப் பாக்கப் போறேன்.