பைத்தான்: தமிழ் ஃபைலில் சொற்களை எண்ணும்போது பிழை, சொற்களும் துண்டாகின்றன

கேள்வி

வணக்கம். பைத்தான் பழகத் தொடங்கியிருக்கிறேன். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஸ்கிரிப்ட் இது. ஓப்பன் கொண்டு திறந்து, ரீட் செய்து, ஆர்ஈ மாட்யூலின் ஃபைன்ட்ஆல் மூலம் சொற்களைப் பிரிக்கிறேன். பேட்டர்ன்: பின்சாய்கோடு, டபிள்யூ, கூட்டல்குறி. பிறகு கவுன்ட்டரில் போடுகிறேன்.

ஆங்கில ஃபைல் என்றால் சிக்கல் இல்லை. தமிழ் ஃபைல் என்றால் விண்டோஸில் (பைத்தான் 3.12) ரீட் வரியிலேயே யூனிகோட்-டிகோட்-எரர் வருகிறது. 'சார்மேப்' கோடெக்கால் 0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லையாம். அதே ஃபைல் லினக்ஸில் பிழையின்றி ஓடுகிறது, ஆனால் 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டாக எண்ணப்படுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

பதில் 1

இல்லை, இரண்டும் வேறு வேறு. முதல் சிக்கலுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஓப்பனில் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) சொல்லாவிட்டால், பைத்தான் 3.14 வரை விண்டோஸின் இயல்பு என்கோடிங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆங்கில அமைப்புள்ள விண்டோஸில் அது சிபி1252. உங்கள் ஃபைல் இருப்பதோ யுடிஎஃப்-8இல். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். புள்ளிக்கு உரிய பைட்டுகள் ஈ0, ஏஎஃப், 8டி. சிபி1252இல் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய 5 இடங்களும் காலி. அதில் ஒன்று வந்ததும் பைத்தான் நின்றுவிடுகிறது. ஆக, பிழைச் செய்தி காட்டும் அந்த 8டி உங்கள் ஃபைலின் ஏதோ ஒரு மெய்யெழுத்தின் புள்ளி. உகரக் குறி 81இல் முடிகிறது, ஏ 8எஃப்இல், ஐ 90இல். இவை எதுவும் இல்லாத தமிழ் வரி அரிது. அப்படி ஒரு ஃபைல் கிடைத்தால் இன்னும் மோசம்: பிழையே வராது, எழுத்துகள் மட்டும் குப்பையாகிவிடும்.

தீர்வு: ஓப்பனில் என்கோடிங் ஆர்குமென்ட்டாக யுடிஎஃப்-8 கொடுங்கள். நோட்பேடில் 'பிஓஎம் உடன்' சேமித்த ஃபைல் என்றால் உரையின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற, கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொள்ளும். என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் பிஓஎம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்கும். படிப்பதற்கு எப்போதும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பதில் 2

ஓப்பனில் எரர்ஸ் ஆர்குமென்ட்டுக்கு இக்னோர் என்று கொடுத்தாலும் பிழை போய்விடுமே?

பதில் 1

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிழைச் செய்தி மட்டும்தான் மறையும். ஃபைல் அப்போதும் சிபி1252 ஆகவே படிக்கப்படும். புள்ளியின் கடைசி பைட் தொலையும், மீதி பைட்டுகள் எல்லாம் தொடர்பில்லாத லத்தீன் எழுத்துகளாக மாறும். அதை அப்படியே திரும்ப ஃபைலில் எழுதிவிட்டால் மூல உரையை மீட்கவே வழியில்லை. தவறான என்கோடிங்கை அந்தப் பிழைதான் காட்டிக்கொடுக்கிறது, அதை அடக்கக் கூடாது.

பதில் 3

இரண்டாவது சிக்கலுக்கு வருவோம். 'தமிழ்' நமக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. லென் கேட்டுப் பாருங்கள், 5 என்றுதான் சொல்லும். ஆர்ஈ மாட்யூலில் பின்சாய்கோடு-டபிள்யூ எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தல்ல. அதனால் இகரக் குறி வந்த இடத்தில் சொல் வெட்டுப்படுகிறது.

எதையும் புதிதாக நிறுவாமல் சரிசெய்ய, பேட்டர்னை மாற்றுங்கள்: சதுர அடைப்புக்குள் யூனிகோட் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, வெளியே கூட்டல்குறி. தமிழுக்கு ஒதுக்கிய பகுதி முழுவதும் அதில் அடங்கும். ஆங்கிலச் சொற்களும் வேண்டும் என்றால் ஏ முதல் இஸட் வரை சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் அதே அடைப்புக்குள் சேருங்கள்.

பிப் மூலம் ரெஜெக்ஸ் என்ற மாட்யூலை நிறுவினால் உங்கள் பழைய பேட்டர்ன் மாறாமலே வேலை செய்யும். அதில் பின்சாய்கோடு-பெரிய எக்ஸ் என்று கொடுத்தால் த, மி, ழ் என எழுத்து எழுத்தாகவும் பிரியும். ஆனால் க்ஷ இரண்டாகப் பிரிய வாய்ப்புண்டு, அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இரண்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. இப்போது 'கொடி' பட்டியலில் இரண்டு இடத்தில் வருகிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஃபால்ஸ்.

பதில் 3

ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஓகார, ஔகாரக் குறிகளும் அப்படியே. படித்த உடனே, சொற்களைப் பிரிப்பதற்கு முன், யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்க்ஷனுக்கு என்எஃப்சி என்ற வடிவத்தையும் உரையையும் கொடுங்கள். எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் அது திருத்தாது. 'கௌரவம்' என்பதை எகரக் குறிக்குப் பின் ள எழுத்தைப் போட்டு 'கெளரவம்' என்று தட்டச்சுவோர் நிறையப் பேர். யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறொரு சொல். கண்ணை மூடிக்கொண்டு ரீப்ளேஸ் போட்டால் 'கெளுத்தி' கெட்டுப்போகும். அத்தகைய சொற்களைச் சிறு டிக்ஷனரியில் வைத்து, முழுச் சொல்லாக மட்டும் மாற்றுங்கள்.

பதில் 1

விடையை ஃபைலுக்குத் திருப்பப் போகிறீர்களா? டெர்மினலில் பிரின்ட் சரியாகத் தெரியும், ஆனால் விண்டோஸில் பெரிது-குறி போட்டு ஃபைலுக்கு அனுப்பினால் மறுபடி சிபி1252 நுழைந்து இம்முறை யூனிகோட்-என்கோட்-எரர் வரும். ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே ஓப்பனில் என்கோடிங் கொடுத்து எழுதுங்கள். எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி என்றால் யுடிஎஃப்-8-சிக் கொடுங்கள், பிஓஎம் இல்லாவிட்டால் எக்செல் தமிழைக் குழப்பும். சிஎஸ்வி மாட்யூல் கொண்டு எழுதினால் கூடவே நியூலைன் ஆர்குமென்ட்டுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுங்கள். விட்டால் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு காலி வரி விழும்.