பாளையங்கால்வாய் ஓரம் வீடு. குப்பை பொறுக்கி மாளல, வேற என்ன செய்யலாம்?

கரைவீட்டுக்காரன் | மே 11, இரவு 9.40

வணக்கம். பாளையங்கோட்டைல கால்வாய் ஓரமா எங்க வீடு. தெருவுல மொத்தம் 14 வீடு, எல்லாருக்கும் பின்வாசல் கால்வாயைப் பார்த்துத்தான். எங்க அப்பா இந்தப் படித்துறைல நீச்சல் பழகினவர். என் மகளுக்கு 6 வயசு. போன மாசம் ஒருநாள் ஓடி வந்து, "சாக்கடைக்கு அந்தப் பக்கம் மயில் நிக்குப்பா"ன்னா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவளுக்கு அது கால்வாயே இல்ல.

தெருக்காரங்க எட்டு பேரு சேந்து ரெண்டு ஞாயித்துக்கிழமை இறங்கினோம். முதல் வாரம் 9 சாக்கு. பாட்டில், பால் கவர், செருப்பு, ஒரு குக்கர் மூடி கூட. மறு வாரம் போனா 7 சாக்கு. மூணாவது வாரம் நானும் இன்னொருத்தரும் மட்டும்தான் வந்தோம். நாத்தமும் அப்படியேதான் இருக்கு. ஒருத்தர் பிளீச்சிங் பவுடர் ரெண்டு மூட்டை வாங்கிக் கொட்டிருவோம்ங்கார். ஜூன்ல தண்ணி வர்றதுக்குள்ள எதாவது செய்யணும். வருஷம் பூரா வீட்டுல இருந்தபடியே செய்யக்கூடியது என்னன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மொட்டைமாடி | மே 11, இரவு 10.15

சனங்க திருந்தணும் பாஸ். கேமரா வைங்க, போடுறவன் படத்தை வாட்ஸப் குரூப்ல போடுங்க. வேற வழி இல்ல.

பழைய லஷ்கர் | மே 12, காலை 5.50

தம்பி, கேமரா இருக்கட்டும். நான் இந்த மாதிரி கால்வாய்லயே லஷ்கரா வேலை பாத்தவன். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. லஷ்கர்னா பட்டாளத்து ஆள்னு நினைச்சிராதீங்க. ஷட்டரைத் திருகி ஏத்தி இறக்குறதும், கரையில நடந்து உடைப்பு பாக்குறதும்தான் சோலி. போன்ல ஒத்த விரலால அடிக்கேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பிளீச்சிங் பவுடரைத் தொடாதீங்க. அங்கங்க பள்ளத்துல கிடக்குற தண்ணில கெளுத்தியும் தவளையும் இன்னும் உயிரோட இருக்கும். அதுவும் செத்து மிதந்தா நாத்தம் ரெண்டு பங்காயிரும்.

குப்பை பொறுக்கினது நல்ல காரியம். ஆனா நீங்க அள்ளினது கண்ணுக்குத் தெரியுறதை. தாமிரபரணி ஆத்துல உள்ள எட்டு அணைக்கட்டுல பழவூர் அணைக்கட்டுலருந்து பிரிஞ்சு வர்ற கால்வா இது. அணையில தண்ணி இருந்தா ஜூன் முதல் தேதி வாக்குல கார் நெல்லுக்குத் திறப்பாங்க. அப்புறம் பிசான நெல்லுக்கு. அறுப்பு முடிஞ்சா அடைச்சிருவாங்க. இப்ப சித்திரை முடியப்போவுது, மடை அடைச்சுக் கிடக்கு. அப்ப கால்வா காய்ஞ்சு வெடிச்சுல்லா கிடக்கணும்? நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு, வீட்டுல எல்லாரும் குளிக்கிற நேரம், பின்வாசல்ல போய் நின்னு பாருங்க. கருப்பா ஓடிட்டிருக்கும். மழையும் இல்ல, மடையும் திறக்கல. அந்தத் தண்ணி யாரோடது?

அதுக்குத்தான் சொல்லுதேன், இந்த மாசத்தை விட்டுராதீங்க. பத்து மாசம் நல்ல தண்ணி மேல மூடிக்கிடும், ஒண்ணும் தெரியாது. அடைப்பு மாசத்துலதான் குழாய் எல்லாம் வாயைத் திறந்துட்டு நிக்கும். கரையோரமா நடந்து உங்க 14 வீட்டுக்கும் எத்தனை குழாய்னு எண்ணுங்க. எதுல சோப்புத் தண்ணி, எதுல எண்ணெப் பிசுக்கு, எதுல செப்டிக் டேங்க் வழிஞ்சு வருதுன்னு மூக்கே சொல்லிரும். பாதாளச் சாக்கடை உங்க தெருவுக்கு வந்திருந்தா முதல்ல அதுல இணைப்பு வாங்குங்க. வரலைன்னா டேங்கை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்க இறைச்சே ஆவணும். 'எங்க டேங்க் 15 வருஷமா நிறையவே இல்ல'ன்னு ஒருத்தர் பெருமையா சொல்லுவாரு. எப்படி நிறையும், அடியில ஒரு குழாயைச் சொருகிக் கால்வாய்க்கு விட்டிருக்காருல்லா. இறைக்க வர்ற லாரிக்காரன்கிட்ட உரிமம் இருக்கா, எங்க கொண்டு போய் இறக்குவன்னு கேட்டுட்டுப் பணம் கொடுங்க. கேட்காம விட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு அதே கால்வாய்லதான் கவுப்பான்.

அப்புறம் துணி. இதைச் சொல்லாம விட்டா என் மனசு ஆறாது. கருமாதி முடிஞ்சு குளிச்சிட்டு வேட்டி சேலையைப் படித்துறைல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போயிருவாங்க. அது நேரா வந்து ஷட்டர்லதான் சுத்தும். ஒரு ஐப்பசில நல்ல மழை, ராத்திரி பதினொரு மணி, ஷட்டரை இறக்கணும். முக்காலுக்கு வந்து நின்னுட்டு. நாலு பேரு தொங்கினாலும் அசையல. முங்கிக் கையை விட்டுப் பாத்தா ஒரு பட்டுச்சேலை, ஜரிகை வச்சது, பலகைக்கும் காடிக்கும் இடையில முறுக்கிக் கயிறு மாதிரி ஆயிருக்கு. கூட ஒரு டயப்பர், உள்ளே உள்ள மாவு ஊறி இட்டிலி கணக்கா உப்பி அடைச்சிருக்கு. கம்புல அரிவாளைக் கட்டி அறுத்து எடுக்க மூணு மணி நேரம். அதுக்குள்ள கீழ்க்கரைல ஒரு வாழைத்தோட்டம் முங்கிட்டு. யாரைக் குத்தம் சொல்ல? அந்தச் சேலையை விட்டவங்க அழுதுட்டே விட்டிருப்பாங்க. இப்பல்லாம் எங்க தெருவுல சாவு விழுந்தா நானே ஒரு சாக்கை எடுத்துட்டுப் போய்ப் படித்துறைல நிப்பேன். "இதுல போடுங்கம்மா"ன்னா போட்டுருதாங்க. ஒருத்தரும் சண்டைக்கு வரல.

கல்வாழைக்கரை | மே 12, காலை 11.20

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் உண்மை. எங்களுது நெல்லைக் கால்வாய்ப் பக்கம், டவுன். நாங்க சமையல்கட்டுத் தண்ணியை மட்டும் தனியா பிரிச்சு மூணு வருஷம் ஆச்சு. சின்னத் தொட்டி ஒண்ணு கட்டி, எண்ணெய் மேல மிதந்து நிக்கிற மாதிரி வெளிக்குழாயை அடியிலருந்து எடுத்தோம். அந்தத் தண்ணி கல்வாழைப் பாத்திக்குப் போகுது. வாரம் ஒருநாள் மேல நிக்கிற ஆடையைக் கரண்டியால அள்ளிக் குப்பைல போடணும். அருவருப்பாத்தான் இருக்கும், மறைக்கல.

தொட்டி கட்ட இடம் இல்லாதவங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. மீன் குழம்புச் சட்டி, அப்பளம் பொரிச்ச வாணலி, இதையெல்லாம் கழுவுறதுக்கு முன்னால பழைய தினத்தாளால துடைச்சிருங்க. என் மாமியார் அந்தக் காலத்துல அடுப்புச் சாம்பல் போட்டுத் துடைப்பாங்க. நாமதான் இப்ப ஒரு கரண்டி எண்ணெய்க்கு அரை பாட்டில் சோப்பு ஊத்துறோம்.

இன்னொண்ணு தீபாவளி. ஐப்பசில எந்த நேரம் மழை பிடிக்கும்னு தெரியாது. வெடிக்காகிதத்தை 'காலைல கூட்டிக்கலாம்'னு படுத்தா, விடியுறதுக்குள்ள மருந்தோட சேந்து வாறுகால் வழியா கால்வாய்ல இருக்கும். நாங்க ராத்திரியே கூட்டிருவோம், பிள்ளைகளையும் சேத்துக்கிட்டு. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார்தான், வாளியிலயே கரைச்சு முருங்கைக்கு ஊத்திருவோம். முதல் வருஷம் என் வீட்டுக்காரர் முறைச்சார். இப்ப அவர்தான் கரைக்கிறார்.

கடைமடை | மே 12, இரவு 8.05

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். எட்டாவது, கடைசி அணைக்கட்டு எங்களுது. மேல நீங்க எல்லாரும் விடுறது கடைசில எங்ககிட்டதான் வந்து நிக்கும். குளம் முழுக்க அமலைச்செடி, அதான் ஆகாயத்தாமரை. பூ பாக்க அழகா இருக்கும், சாக்கடைச் சத்துதான் அதுக்கு உரம். 2023 டிசம்பர் 17, 18ல பெய்ஞ்ச பேய்மழைல (காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்) எங்க ஊர்ப் பாலத்துக் கண்ணுல அமலையும் பாட்டிலும் சேந்து பாய் மாதிரி அடைச்சிருந்துச்சு. தண்ணி பாலத்தைச் சுத்தி ஊருக்குள்ள வந்துட்டு. அந்த மழைக்கு எப்படியும் வந்திருக்கும்தான். ஆனா வடியுறதுக்காவது வழி இருந்திருக்கும்.

உங்க பக்கம் அமலை ரெண்டு மூணு செடியா இருக்கும்போதே, பூக்குறதுக்கு முன்னாலயே பிடுங்கிருங்க. பிடுங்கினதைக் கரை ஓரத்துல போடாதீங்க, அடுத்த தண்ணில திரும்ப இறங்கிரும். தள்ளிக் காயப்போட்டு உரக்குழில போடலாம். தூத்துக்குடிக்காரங்க குடிக்கிற தண்ணியும் வல்லநாட்டுல இதே ஆத்துலருந்துதான் எடுக்காங்கங்கிறதையும் குரூப்ல சொல்லுங்க. அங்க சொந்தக்காரங்க இல்லாத வீடு உங்க தெருவுல இருக்காது.

கரைவீட்டுக்காரன் | மே 20, இரவு 10.30

அண்ணாச்சி, எண்ணிட்டேன். 14 வீட்டுக்கு 23 குழாய். சொல்ல வெக்கமா இருக்கு, அதுல ரெண்டு எங்களுது. வாஷிங் மெஷின் குழாய் எனக்குத் தெரியும். இன்னொண்ணு எங்க அப்பா காலத்துல போட்டது, மண்ணுக்குள்ள இருந்து வெளிய வருது. கண்டுபிடிக்க என் மக அடுப்பங்கரைல மஞ்சத்தூளைக் கரைச்சு ஊத்தினா, நான் கீழ நின்னேன். ஒரு நிமிஷத்துல மஞ்சளா வந்துச்சு. மேல இருந்து "வந்துட்டா? வந்துட்டா?"ன்னு ஒரே சத்தம்.

அதே மாதிரி மத்த வீட்டுலயும் மஞ்சள் ஊத்திப் பாக்கலாமான்னு கேட்டேன். அஞ்சு வீடு சரின்னாங்க. மூணு பேர் பேச்சைக் குறைச்சிட்டாங்க. பாதாளச் சாக்கடை எங்க தெருவுக்கு இன்னும் வரல. பின்பக்கம் உறிஞ்சுகுழி தோண்டலாம்னு இருக்கேன், சரியா?

பழைய லஷ்கர் | மே 21, காலை 5.35

கரைக்குப் பக்கத்துல தோண்டாதீங்க தம்பி. கால்வாய்ல தண்ணி ஓடுற மாசத்துல கசிவு ஏறி வந்து குழி தானா நிறைஞ்சு நிக்கும், உறிஞ்சாது. கரையும் இளகிரும். முன்வாசல்ல தென்னை நிக்குதா? அந்தப் பக்கம் குழாயைத் திருப்பி, அந்த அம்மா சொன்ன மாதிரி தொட்டி வச்சு, அகலமா ஆழம் இல்லாம பாத்தி வெட்டுங்க. போரோ கிணறோ இருந்தா அதுக்கு எட்டத் தள்ளி. மெஷின் தண்ணியை ஒரே மரத்துக்கு விடாம மாத்தி மாத்தி விடுங்க, இல்லேன்னா மண்ணு உப்புப் பூத்துரும்.

பேச்சைக் குறைச்ச மூணு வீட்டையும் இப்ப விடுங்க. உங்க ரெண்டு குழாயை முதல்ல அடைப்போம். மடை திறக்க இன்னும் பதினொரு நாள் கிடக்கு. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு நான் வாரேன். கடப்பாரை இருக்கா, நான் கொண்டு வரட்டுமா?