பால் தேத்தண்ணி கொட்டுப்பட்ட லப்டொப்: மதர்போர்ட் மாற்றத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தைக்காரி:

வணக்கம், அவசரமாக ஓர் உதவி வேண்டும். நேற்றிரவு மேசையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அக்காவின் மகன் ஓடிவந்து இடித்ததில் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி அப்படியே கீபோர்டில் கொட்டுப்பட்டுவிட்டது. சீனி போட்ட தேத்தண்ணி. லப்டொப் சார்ஜில் இருந்தது. உடனே வயரை இழுத்துவிட்டு, பவர் பட்டனை அமர்த்திப் பிடித்து நிறுத்தி, துவாயில் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் தம்பி பொறுக்கமாட்டாமல் போட்டுப் பார்த்திருக்கிறான். திரை வந்தது, விண்டோஸும் வந்தது. ஆனால் ஷிஃப்ட் அமுங்கியே கிடப்பதுபோல எல்லாம் பெரிய எழுத்தில் விழுகிறது. ஸ்பேஸ் பார் ஒட்டிக்கொண்டு மெல்லத்தான் எழும்புகிறது. சார்ஜர் குத்தினால் விளக்கு எரிகிறது, பட்டரி ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுவிட்டது.

யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "தேத்தண்ணி என்றால் போர்ட் போயிருக்கும், மாற்றத்தான் வேணும்" என்றார்கள். சொன்ன விலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் போட்டால் பாவித்த லப்டொப் ஒன்றையே வாங்கிவிடலாம். நான் வீட்டிலிருந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கணக்கு, வற் வேலை எல்லாம் அதற்குள்தான். மெஷின் போனாலும் பரவாயில்லை, கோப்புகள் வேண்டும். விண்டோஸ் 11, வாரண்டி முடிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

மழைக்குருவி:

அரிசிக்குள் புதைத்து வையுங்கள் அக்கா. போன வருஷம் மழையில் நனைந்த என் போன் கீரிச் சம்பா வாளிக்குள் கிடந்து உயிரோடு எழும்பி வந்தது. அம்மாதான் அந்த அரிசியைச் சமைக்கமாட்டேன் என்று சண்டை பிடித்தா.

சோல்டர் மாமா:

குருவி, உங்கள் போனை அரிசி காப்பாற்றவில்லை. வாளிக்குள் கிடந்த நேரம் யாரும் அதை ஓன் பண்ணவில்லை, அதனால் பிழைத்தது. வெறும் மேசையில் வைத்திருந்தாலும் அதே கதைதான். சமைக்காத அரிசி காற்றிலுள்ள ஈரத்தைக்கூட ஒழுங்காக இழுக்காது, மூடிக்கு உள்ளே கிடக்கும் பால் தேத்தண்ணியை எங்கே இழுக்கப் போகிறது? ஐபோனை அரிசிப் பைக்குள் போடாதீர்கள், அரிசித் துணுக்கு உள்ளே போய்ப் பழுதாக்கும் என்று அப்பிள் நிறுவனமே 2024 ஜனவரியில் எழுதியது.

தங்கச்சி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இனி அதை ஓன் பண்ணவே வேண்டாம், சார்ஜரும் குத்த வேண்டாம். விண்டோஸ் வந்ததை நல்ல சகுனமாக எடுக்காதீர்கள். என் மேசைக்கு வரும் செத்த போர்ட்களில் பாதிக்கு மேல் "நனைஞ்ச பிறகும் ரெண்டு நாள் நல்லாத்தான் வேலை செய்தது" என்ற கதையோடுதான் வருகின்றன.

ஏனென்று சொல்கிறேன். தண்ணீர் மட்டும் போர்டைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நாங்களே பழுதான போர்டைத் தண்ணீரில் கழுவுகிறோம். தண்ணீரோடு மின்சாரமும் சேரும்போதுதான் பிரச்சினை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்றில் வோல்டேஜ் இருந்து மற்றதில் இல்லையென்றால், அந்த ஈரத்தின் வழியே செம்பு கரைந்து நகரத் தொடங்கும். நனைந்த போர்ட்களில் பச்சைப் பூஞ்சணம் போலத் தெரிவது அதுதான். லப்டொப்பை நிறுத்தினாலும் இது நிற்காது. பட்டரி இணைந்திருக்கும்வரை போர்டில் சில பாதைகளில் 3.3 வோல்ட், 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். அதனால் கவிழ்த்து வைத்தது சரி, ஆனால் போதாது. பட்டரியைப் பிரிக்க வேண்டும்.

பிளேன்டீ என்றாலும் பரவாயில்லை என்பேன். பாலும் சீனியும் காய்ந்த பிறகும் பாகாக அப்படியே நிற்கும். கொழும்புக் காற்றின் ஈரத்துக்குப் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். வெயிலில் வைப்பதாலும் ஹெயார் டிரையர் பிடிப்பதாலும் அது போகாது. டிரையர் சூட்டில் விசைகள் வளையும், ஈரம் இன்னும் உள்ளே தள்ளப்படும்.

அடி மூடியைத் திறக்க முடியுமா? திறந்ததும் முதலில் பட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் தலையை நகத்தால் மெல்லத் தள்ளுங்கள். பட்டரி உப்பியிருந்தால் தொடாமல் மூடிவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். உப்பாவிட்டால், கழற்றிவிட்டு என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

வெள்ளவத்தைக்காரி:

நன்றி அண்ணா. தம்பி புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவில் சின்ன ஸ்குரூ டிரைவர் பெட்டி ஒன்று வாங்கிவந்தான். திறந்து பட்டரியைக் கழற்றிவிட்டோம். உப்பவில்லை, தட்டையாகத்தான் இருக்கிறது.

திறந்ததுமே புளித்த பால் மணம். கீபோர்ட் ரிப்பன் குத்தியிருக்கும் வாயைச் சுற்றி மண்ணிறமாக ஒரு பொருக்கு படிந்திருக்கிறது. சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் எள்ளை விடச் சின்னச் சாமான்கள் சில. அதில் இரண்டின் கால்மாட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. நடுவில் ஒரு தகர மூடி, அதன் ஓரத்தில் மண்ணிறக் கோடு ஒன்று உள்ளே போகிறது. ஃபேன் பக்கம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. ஒரு திருகாணியில் நிற்கும் ஒடுங்கிய பலகை ஒன்றும் உண்டு, ஹார்ட் டிஸ்க் அதுதானா?

இரவுப்பணி:

அதுதான் அக்கா. எம்.2 எஸ்எஸ்டி, பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். உங்களுக்கு அதிர்ஷ்டம். இதே தேத்தண்ணி புது மக்புக் ஒன்றில் கொட்டியிருந்தால் சேமிப்புச் சிப் போர்டோடு ஒட்டியே இருக்கும், குறியாக்கமும் அந்தப் போர்டைச் சார்ந்தது. போர்ட் உயிர்த்தால்தான் கோப்பு. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

திருகாணியைக் கழற்றினால் தானாக மேலே எழும்பும், சாய்வாக வெளியே இழுங்கள். பொன்னிறப் பல்லில் கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு யூஎஸ்பி கூடு ஒன்றில் போட்டு வேறு கம்பியூட்டரில் குத்தலாம். கூடு வாங்கும்போது எஸ்எஸ்டியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். என்விஎம்ஈ வகைக்கும் சாட்டா வகைக்கும் கூடு வேறு, தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று.

இன்னொன்று, இதை முதலில் செய்யுங்கள். விண்டோஸ் 11 பல லப்டொப்களில் உங்களைக் கேளாமலே பிட்லொக்கர் பூட்டைப் போட்டிருக்கும். வேறு மெஷினில் குத்தியதும் 48 இலக்கச் சாவி கேட்கும். போனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய் அந்தச் சாவி இருக்கிறதா பாருங்கள். கடைக்காரரிடம் கொடுத்த பிறகு இதைத் தேடி ஓடியவர்களை ஒஃபிஸில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடல்காத்து:

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், என்னுடையதும் அவசரம். நேற்றுப் பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அலை வந்து அடித்ததில் போன் முழுதாக நனைந்தது. தண்ணீர் தாங்கும் என்று விற்கிற ஐபி68 தரப் போன். எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் ஸ்பீக்கர் அடைத்த மாதிரி, சார்ஜ் குத்தினால் ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. காயவிட்டால் போதும்தானே?

சோல்டர் மாமா:

போதாது. ஐபி68 சோதனை நன்னீரில் செய்வது, அதுவும் புத்தம்புதுப் போனில். ஒரு லீட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. காய்ந்தால் உப்பு அங்கேயே நிற்கும். இதுவரை கீழே விழாத, திறக்காத போன் என்றால் நிறுத்திவிட்டு, சிம் தட்டை மூடியபடியே, மெல்ல ஓடும் குழாய்த் தண்ணீரில் சார்ஜ் வாயையும் ஸ்பீக்கரையும் கழுவுங்கள். பைப்பை முழுதாகத் திறந்து அடிக்க வேண்டாம். பிறகு சார்ஜ் வாய் கீழே இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள். ஏசி அறை இருந்தால் அங்கே வையுங்கள், வெளிக்காற்றை விட அங்கே ஈரம் குறைவு. அந்த எச்சரிக்கையை அழுத்தித் தள்ளிவிட்டுக் கேபிள் குத்தாதீர்கள், சார்ஜ் வாயின் ஊசிகள் கருகிவிடும். கழுவ முதலே, போன் வேலை செய்யும்போதே படங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

காய்ந்த பிறகு சிம் தட்டை இழுத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பல போன்களில் அங்கே வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். சிவந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வாரண்டிக் கதையும் அதோடு முடிந்தது.

தங்கச்சி, நீங்கள் எழுதியது படம் பார்த்த மாதிரி இருக்கிறது. சார்ஜர் வாய்க்குப் பக்கத்தில் பூத்திருப்பது சார்ஜிங் பகுதி, பட்டரி ஏறாததற்கு அநேகமாக அதுவே காரணம். ஷிஃப்ட் பிரச்சினை கீபோர்டுக்கு உள்ளே. அதன் பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் பாகு போயிருக்கும். கழுவிப் பிழைக்க வைக்க நேரத்தை வீணாக்காதீர்கள், அது மாற்றுகிற சாமான். எனக்குப் பயம் அந்தத் தகர மூடிக்குள் போகும் கோட்டில்தான். மூடியைக் கழற்றாமல் மேலால் ஸ்பிரிட் தடவி அனுப்பும் கடைகள் உண்டு. அந்த மெஷின்கள் கொஞ்ச நாளில் திரும்பி வரும்.

முழுப் போர்ட் மாற்றுவது கடைசிக் கட்டம். முதலில் கேட்க வேண்டியது கழுவும் வேலை. கழுவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எல்லோரும் ஐசோபுரோபைல் அல்கஹோல் என்று நிற்பார்கள். 99 வீதம் உள்ளது ஈரத்தை வெளியேற்ற நல்லது, ஆனால் சீனி அதில் லேசில் கரையாது. சீனி கரைவது தண்ணீரில். ஆகவே வடித்த நீரும் மெல்லிய பிரஷும் முதலில், அல்கஹோல் அதற்குப் பிறகு. கார் பட்டரிக்கு ஊற்ற விற்பார்களே, அந்த வடித்த நீர். அசிட் போத்தலும் அதே தட்டில் நிற்கும், லேபிளைப் பாருங்கள். நல்ல கடையில் 40 கிலோஹேர்ட்ஸ் அளவில் அதிரும் அல்ட்ராசொனிக் தொட்டி இருக்கும். தகர மூடிக்கும் சிப்களுக்கும் அடியில் போக அதுதான் வழி. பட்டரி, ஃபேன், திரை எதையும் அதில் போடக்கூடாது.

கைப்பழக்கம் இல்லாவிட்டால் போர்டை வீட்டில் கழற்ற வேண்டாம். திரைக் கேபிளின் வாயில் பல லப்டொப்களில் பின்னொளிக்கு 20 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அதன் பக்கத்து ஊசிகள் நேராக புரொசசருக்குப் போகும். அங்கே ஈரம் மிச்சமிருக்க ஓன் பண்ணினால் ஒரு கணத்தில் எல்லாம் முடியும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மூடியைக் கழற்றி மைக்ரோஸ்கோப்பில் காட்டுவீங்களா?" முகம் சுளித்தால் அடுத்த கடை. எஸ்எஸ்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ரெமையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எல்லோரும் கள்ளர் என்று சொல்லவில்லை, பல மெஷின்கள் திறந்து கிடக்கும் மேசையில் சாமான் மாறுவது சாதாரணம்.

மழைக்குருவி:

சரி மாமா, அரிசி இனிச் சோற்றுக்கு மட்டும்.

வெள்ளவத்தைக்காரி:

எல்லோருக்கும் பெரிய நன்றி. சாவி மைக்ரோசொஃப்ட் கணக்கிலேயே இருந்தது. கூட்டில் போட்டு அக்காவின் லப்டொப்பில் குத்தியதும், இரவுப்பணி சொன்ன மாதிரியே 48 இலக்கம் கேட்டது. கணக்குகள் முழுவதும் வெளி டிரைவுக்கு எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மருதானையில் ஒரு சின்னக் கடையில் போர்டைக் கழற்றி, எங்களுக்கு முன்னாலேயே தகர மூடியைத் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே பாகு போயிருந்தது, ஆனால் செம்பு அரிக்கவில்லை. கழுவி, சார்ஜர் பக்கத்தில் சின்ன ஃபியூஸ் ஒன்றும் இன்னொரு சாமானும் மாற்றினார்கள். பட்டரி ஏறுகிறது. முதல் கடை சொன்னதில் சின்னப் பங்குதான் செலவு. கீபோர்ட் வர ஒரு கிழமை ஆகுமாம். அதுவரை யூஎஸ்பி கீபோர்டோடு பாவிக்கலாமா? பழையதைக் கழற்றவில்லை, ஷிஃப்ட் இன்னும் தானாக அமுங்குகிறது.

சோல்டர் மாமா:

பாவிக்கலாம், பழைய கீபோர்டின் ரிப்பனைக் கழற்றிவிட்டு. இல்லாவிட்டால் அந்த ஷிஃப்ட் யூஎஸ்பி கீபோர்டையும் குழப்பும். ஆனால் முதலில் பவர் பட்டன் எங்கே என்று பாருங்கள். இப்போது நிறைய மாடல்களில் பட்டன் கீபோர்டோடேயே சேர்ந்து வருகிறது, ரிப்பனைக் கழற்றினால் ஓன் பண்ண வழியில்லாமல் போகும். அப்படியென்றால் கழற்ற முதல் பயோஸுக்குள் (விண்டோஸ் எழும்ப முதல் வரும் அமைப்புத் திரை) போய், சார்ஜர் குத்தியதும் தானாக எழும்பும் அமைப்பு இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் உண்டு. இல்லையென்றால் ஒரு கிழமை பொறுங்கள்.

புதுக் கீபோர்ட் சிலவற்றில் பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி மேல்தட்டோடு பொருத்தியிருப்பார்கள். பழையதைப் பிய்த்துப் புதியதைத் திரும்ப உருக்கி ஒட்டும் வேலை அது. கூலி கூடச் சொன்னால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். பட்டரியை இந்த மாதம் முழுக்கக் கவனியுங்கள். டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்துங்கள்.

கடல்காத்து:

மாமா, கழுவினேன், காய வைத்தேன். ஸ்பீக்கர் சரி, எச்சரிக்கையும் போய்விட்டது. ஆனால் காலையிலிருந்து பின் கேமராக் கண்ணாடிக்கு உள்ளே பனிப்புகார் கட்டியிருக்கிறது. இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கொடுக்கவா?

சோல்டர் மாமா:

அப்படியென்றால் உள்ளே போய்விட்டது, அதுவும் கடல்நீர். படங்கள் எடுத்தாகிவிட்டது என்றால் இப்போதே நிறுத்துங்கள். லிபர்ட்டி பிளாசாப் பக்கம் இன்றைக்கே கொண்டுபோய், பின் கண்ணாடியைத் திறந்து பட்டரியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கழுவுவது நாளைக்கு நடக்கட்டும், பட்டரியைப் பிரிப்பது இன்றைக்கு நடக்க வேண்டும்.