ஏர்லைனை விட்டு கார்ப்பரேட் ஜெட் பக்கம் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சேலம், சூரமங்கலம். ஆறு வருடமாக ஏர்லைனில் ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி), 3,800 மணி நேரம் பறந்தாகிவிட்டது, கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸும் கையில் இருக்கிறது. போன வாரம் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே ஊர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா, "அடுத்த லீவு எப்போ கண்ணு?" என்று கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை. அதிலிருந்து இதே யோசனைதான்.

இப்போது விலகினால் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதிப்படி ஆறு மாத நோட்டீஸ் போதும், கமாண்டர், அதாவது கேப்டன், ஆகிவிட்டால் ஒரு வருடம். அதனால்தான் அவசரம்.

கார்ப்பரேட் ஜெட்டுக்குப் புதிதாக டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டத் தனி அனுமதி) வேண்டும், அந்தச் செலவை கம்பெனி ஏற்குமா, ஏற்றால் வேலையை விடாமல் இருக்க எத்தனை வருடம் பாண்ட் கேட்பார்கள்? அங்கே பறப்பது குறைவு, ஆனால் முதலாளி கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டும் என்கிறார்கள், அப்படியானால் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதானே? பெட்டி ஏற்றுவது, சாப்பாடு ஏற்பாடு எல்லாம் நாமே பார்ப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை.

அப்புறம் முக்கியமாக, பிடிக்காவிட்டால் திரும்ப ஏர்லைனில் எடுப்பார்களா? சென்னை, பெங்களூரில் இருந்து பறப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பேசுங்கள், நானே நேரில் வருகிறேன்.