மீயொலி வழியே தோலுக்குள் மருந்து: எங்கள் அனுபவங்கள்

கதவின் கைப்பிடியைத் திருப்பும்போதும் நிறைந்த குவளையைத் தூக்கும்போதும் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் சுரீரென்று வலிக்கத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆன பிறகுதான் மருத்துவரிடம் சென்றேன். டென்னிஸ் எல்போ என்றார். வலி மாத்திரை என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால், மருந்தைத் தோலின் மேல் தடவி அல்ட்ராசவுண்ட் எனப்படும் மீயொலிக் கருவியால் உள்ளே செலுத்தும் ஃபோனோஃபோரெசிஸ் முறையைப் பரிந்துரைத்தார். முதலில் சென்ற இடத்தில் அழற்சியைத் தணிக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் கலந்த கெட்டியான வெள்ளைக் களிம்பை அப்பி, அதன் மேலேயே கருவியின் தலையை ஐந்து நிமிடம் தேய்த்தார்கள். ஆறு முறை சென்றும் வலி இம்மியளவும் குறையவில்லை.

அடுத்து நான் பார்த்த இயன்முறை மருத்துவ அம்மையார், நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்கு முன் ஒன்றைச் செய்து காட்டினார். கருவித் தலையின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடாவால் வரப்புக் கட்டி, அந்தச் சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி இயக்கியபோது, நீர் நடுவில் மேடிட்டு எழுந்து நடுங்கியது. பிறகு நீரைத் துடைத்துவிட்டு, அடியில் அதே வகைக் களிம்பைப் பூசி, அதன் மேல் மீண்டும் நீர் ஊற்றி, அளவை மாற்றாமல் இயக்கினார். நீர் அசையவே இல்லை. ஒலியே தாண்டாத இடத்தில் அது மருந்தை எப்படித் தள்ளும் என்று அவர் கேட்டபோது, என் ஆறு நாட்களும் வீணானது அந்தக் கிண்ணத்தில் கண்கூடாகத் தெரிந்தது. அதன் பின் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கலந்த தெளிந்த ஜெல்லைக் கொண்டு எட்டு முறை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் முறைக்குப் பிறகு கைப்பிடியை வலியின்றித் திருப்பினேன். கூடவே மணிக்கட்டுப் பயிற்சிகளையும் செய்து வந்தேன் என்பதால், பலன் முழுவதையும் ஜெல்லின் கணக்கில் எழுத என் மனம் இடம் தரவில்லை.

* * *

மேலே எழுதியவருக்கு நேர்ந்ததை என் சிகிச்சை அறையில் நானும் பிறருக்குச் செய்திருக்கிறேன் என்பதை இயன்முறை மருத்துவராக ஒப்புக்கொள்கிறேன். தொழிலைத் தொடங்கிய காலத்தில், மருந்தின் பெயரைப் பார்த்தேனே தவிர, அது எதில் கலந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. கெட்டியான வெள்ளைக் களிம்புகள் பலவும் ஒலியலையை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகின்றன. நீர்த்தன்மை கொண்ட ஜெல்லில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் அலை தடையின்றிச் செல்கிறது. இப்போது புதிய மருந்து எது வந்தாலும் முதலில் அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் நோயாளியின் தோலில் வைக்கிறேன்.

தோலின் மேலடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் கனமே உடையது என்றாலும், இறந்த செல்களைக் கொழுப்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர் போன்றது. 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் அதைக் கடப்பது மிக அரிது. டைக்ளோஃபெனாக், ஹைட்ரோகார்ட்டிசோன் போன்றவை அந்த எல்லைக்குள் அடங்குபவை. 1954-இல் கை மூட்டு அழற்சிக்கு ஹைட்ரோகார்ட்டிசோனை மீயொலியோடு கொடுத்துப் பார்த்ததிலிருந்தே இந்த முறை வளர்ந்தது. முழங்கை போல மேலாக உள்ள தசைநாண்களுக்கு 3 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும், ஆழமான இடங்களுக்கு 1 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறேன். ஒலிக்கற்றையின் செறிவு எல்லாப் புள்ளியிலும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், தலையை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. எலும்பு மேலாகத் துருத்தி நிற்கும் இடத்தில் சற்றே நிறுத்தினாலும் எலும்பின் மேலுறை சூடேறி, ஆழத்தில் குடைவது போன்ற வலி வரும். அப்படி வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லிவிடுங்கள்.

ஊசியில்லாமல் இன்சுலின் கூடச் செலுத்தலாமாமே என்று கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அது வேறு வகை. 1995-இல் மித்ரகோத்ரி, பிளாங்க்ஷ்டைன், லாங்கர் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 20 கிலோஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், ஏறக்குறைய 5,800 டால்டன் எடையுள்ள இன்சுலினைத் தோலின் வழியே கடத்திக் காட்டினார்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் நுண்குமிழிகள் தோன்றி வெடித்து, அந்தக் கொழுப்புச் சாந்தைக் குலைத்து வழி திறக்கின்றன. எங்கள் அறைகளில் உள்ள மெகாஹெர்ட்ஸ் கருவியிடம் அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்து கலந்த ஜெல்லையும் வெறும் ஜெல்லையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவற்றில் வேறுபாடு தெரிந்தது. வேறு சிலவற்றில் தெரியவில்லை. ஆகவே பயிற்சியை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பி வருபவர்களை நான் திருப்பிப் பயிற்சிக்கே அழைத்து வருகிறேன்.

* * *

என் அனுபவம் சிறியது; ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் எனக்கு ஒவ்வாது. குதிகால் வலிக்காக இந்தச் சிகிச்சைக்குச் சென்றபோது, மேலே தடவுவதுதானே என்று எண்ணி அதை யாரிடமும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டாம் நாள், அதே வகை மருந்து கலந்த ஜெல் பட்ட இடம் மட்டுமல்லாமல் கழுத்து வரை தடிப்புகள் எழும்பி, மூச்சு இளைத்தது. அவசர சிகிச்சையில் ஊசி போட்ட பிறகே அடங்கியது. தோலுக்குள் போய் வேலை செய்யும் என்பதற்காகவே மருந்தைத் தடவுகிறார்கள் என்றால், போன மருந்து இரத்தத்திலும் கலக்கும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது செல்லும் இடத்தில், எனக்கு இருக்கும் ஒவ்வாமையை முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர்கள் மருந்தில்லாத ஜெல்லை வைத்தே செய்கிறார்கள்.